இரவல் மூக்கு

அந்த ஒயின் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவர் நாலு வார்த்தை சொன்னால் போதும், வாடிக்கையாளர்கள் மறுபேச்சுப் பேசாமல் பாட்டிலை வாங்கிப் போவார்கள். ஆள் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை. பெட்டி தூக்க வந்தவர், மூக்கின் தயவில் மேலே வந்தவர். அந்த மூக்குதான் வாடகை கட்டியது, சோறு போட்டது, கடையில் ஒரு மரியாதையும் வாங்கிக் கொடுத்தது.

அந்த மூக்கு போய்விட்டது. மூக்கருக்கு மூக்கில்லை என்பதில் உள்ள வேடிக்கை அவருக்கும் புரியாமலில்லை. ஆனால் சிரிப்புத்தான் வரவில்லை. குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. சளி என்று கொஞ்ச நாள் சமாளித்தார். பிறகு ஒரு நாள் வீட்டில் வினிகர் பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். தண்ணீரை வைத்தது போல இருந்தது. "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று நினைத்தபடி வீட்டுக்கு நடந்து வந்தார்.

நாக்கு மட்டும் மிச்சமிருந்தது. புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு என்று நாலைந்து சங்கதி அதற்குத் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்பது இழந்தவருக்குத்தான் தெரியும். சாப்பிடுவது ஒரு கடமையாகிவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளியம்மாவுக்கு அந்த யோசனை உதித்தது. நாற்பது வயதுக்காரர், சுறுசுறுப்பானவர், எதையும் நின்றுகொண்டே பேசுகிற பழக்கம்.

"நம்ம கஸ்டமருங்க சுத்திச் சுத்தி மூணே மூணு பாட்டிலத்தான் வாங்குறாங்க. அதோட விலையும் ஏறிக்கிட்டே போகுது. அடுத்த வருஷம் அவங்களே பாக்கெட்டத் தடவிப் பாத்துட்டுத் திரும்பிடுவாங்க. அதுக்குள்ள வேற பழக்கிவிடணும். யாருக்கும் பேரே தெரியாத ஊரு, வாயில நுழையாத திராட்சை, ஆனா கையைக் கடிக்காத விலை. வாசப்பக்கம் ஒரு தனி அலமாரி போடுவோம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் கீழ ஒரு கார்டு. அது எப்படி மணக்கும்னு அதுல நீங்க எழுதணும்."

"நானா மேடம்?"

"பின்ன நானா? உங்க மூக்கு இருக்கிறப்ப எனக்கென்ன கவலை?"

மூக்கர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பழைய மூன்றையும் பற்றிப் பேச மூக்கு தேவையில்லை. பல வருஷமாகச் சொன்னதையே திருப்பிச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம். முன்பின் பார்க்காத ஒயினைப் பற்றி என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் மறுபடி பெட்டி தூக்க வேண்டும். முதுகுக்கு அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது.

அன்று சாயங்காலம் சாம்பிள் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறை மேஜையில் உட்கார்ந்து கால் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் சலவைக் கடை ஒன்றில் துணி வாங்கி வைப்பவள். நாள் முழுக்க நிற்க வேண்டும். ஊரார் சட்டைப்பைகளைத் துழாவ வேண்டும். எந்தக் கறை எண்ணெய், எந்தக் கறை மருந்து என்று மோந்து பார்த்துச் சீட்டு ஒட்ட வேண்டும்.

அவர் கார்க்கைத் திறந்து, கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, அவள் முன்னால் நகர்த்தினார்.

"இது எப்படி மணக்குதுன்னு சொல்லு."

"எனக்கென்னங்க தெரியும் ஒயினப் பத்தி? சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க கொண்டு வர்றதக் குடிக்கிறேன். அதுவும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"பிடிக்காதா? இத்தனை வருஷமாச் சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

மூக்கு போன விஷயத்தையும் அப்போதுதான் முழுசாகச் சொன்னார். சளி, சளி என்று அவளிடமும் சமாளித்து வந்திருந்தார். அவள் கிளாஸை எடுத்து முகர்ந்தாள்.

"இஸ்திரிப் பெட்டிய ஈரச் சட்டை மேல வச்சதும் ஒரு ஆவி வரும் பாருங்க, அது. கடைசியில கொஞ்சமா மிளகு."

அவர் அதை அப்படியே கார்டில் எழுதினார்.

அலமாரி போட்ட முதல் வாரமே கடையில் பேச்சாகிவிட்டது. மூக்கர் இதற்கு முன் எழுதியிருந்தால் பழம், பூ, மரம் என்று எல்லாக் கடையிலும் இருப்பதைத்தான் எழுதியிருப்பார். இது அப்படியில்லை. அடுத்த கார்டில் பென்சில் சீவிய தூளும் பச்சை ஆப்பிளும் இருந்தன. அதற்கடுத்ததில் மழைக்கு முன்னால் வரும் புழுதிக் காற்று. ஜனங்கள் கார்டைப் படித்துச் சிரித்தார்கள், அப்புறம் நிஜமாகவே அப்படித்தான் மணக்கிறதா என்று பார்க்க ஒன்று வாங்கினார்கள். பக்கத்துத் தெருப் பல் டாக்டர் தன் வாழ்நாளில் ஒரே சிவப்பு ஒயினைத் தவிர வேறொன்றைத் தொட்டறியாதவர். அவரே இஸ்திரி ஒயினுக்கு மாறிவிட்டார்.

"எங்கய்யா பிடிக்கிறீங்க இந்த வார்த்தையெல்லாம்?" என்று மூக்கரின் தோளில் தட்டினார்.

"தானா வருது டாக்டர்" என்றார் மூக்கர்.

வீட்டிலும் ஒரு மாற்றம் நடந்தது. அந்தச் சமையலறை மேஜையில் அவர்கள் இருவரும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. சண்டையெல்லாம் கிடையாது. பேச ஒன்றும் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். இப்போது சாயங்காலமானால் அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். "இன்னைக்கு என்ன கொண்டாந்தீங்க?" என்பாள். அவர் தொழில் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் அவள் கிளாஸை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி, தரை துடைத்த துணியை அலசாமல் மூலையில் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அவர் துள்ளிக் குதித்தார். "அதுதான் கார்க் கெட்ட பாட்டில்! கார்க்குல பூஞ்சை பிடிச்சா இப்படித்தான் ஆகும். ஒயின் மேல தப்பில்ல, அந்த ஒரு பாட்டில் மட்டும் போச்சு. இந்த வாடை வந்தா உடனே என்கிட்ட சொல்லிடணும், என்ன? இதக் கண்டுபிடிக்காதவன் இந்தத் தொழில்லயே இருக்க முடியாது." மறுநாள் அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து முதலாளியம்மாவிடம் சபாஷ் வாங்கினார். அந்தச் சபாஷை வீட்டுக்குக் கொண்டுவர அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்த வெள்ளை ஒயின் வந்தது. எங்கோ ஒரு மலைச்சரிவில், குளிரில் விளைந்த திராட்சை. வழக்கமான வெள்ளை ஒயினின் பாதி விலைதான். அவள் முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன? கெட்டதா?"

"இல்ல." அவள் குரல் இறங்கியிருந்தது. "குளிப்பாட்டித் துவட்டிவிட்ட குழந்தையோட உச்சந்தலை. கொஞ்சம் பால் வாசனையோட."

அந்த வீட்டில் ஒரு காலத்தில் அவர்களுக்கு ஒரு குழந்தை இருந்தது. பாப்பா என்று கூப்பிட்டார்கள். நடை பழகும் முன்பே போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு பிள்ளை இல்லை. பாப்பாவைப் பற்றிப் பேசுவதையும் அவர்கள் விட்டுவிட்டார்கள். முதலில் அவர் விட்டார், பேச ஆளில்லாமல் அவளும் விட்டாள். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு கிளாஸுக்குள்ளிருந்து அது எழுந்து வரும் என்று இருவரும் நினைக்கவில்லை. அன்று அவள் அந்தக் கிளாஸைக் குடிக்காமல் வெகுநேரம் முகத்தருகே வைத்திருந்தாள். அவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பையிலிருந்து கார்டை எடுத்தார்.

எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது, எல்லாக் குழந்தையையும்தான் குளிப்பாட்டுகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதி முடித்தார். மனுஷன் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதில் கெட்டிக்காரன்.

அதுபோல ஒரு விற்பனையை அந்தக் கடை பார்த்ததில்லை. பாட்டி, தாத்தாக்கள் கார்டைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கினார்கள். ஒயினின் உண்மைப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அதற்கு ஜனங்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். பாப்பா ஒயின். முதல்முறை அதைக் கேட்டபோது மூக்கருக்குச் சுருக்கென்றது. பத்தாவது முறை கேட்டபோது அவரே "பாப்பா ஒயினா? இதோ" என்று எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் அவர் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். சலவைக் கடைக்குப் போகும் வழியில் மனைவி அதைக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். அவள் அந்தக் கடைக்குள் வருவதே அபூர்வம். கல்லாப் பக்கம் கூட்டமாக இருந்ததால் வாசல் அலமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். தன் வார்த்தைகளையெல்லாம் அவர் கையெழுத்தில் ஒவ்வொன்றாகப் படித்தாள். முதலில் அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது.

அப்போது பல் டாக்டர் உரக்கச் சொன்னார்: "மூக்கரே, அந்தப் பாப்பாவுல ரெண்டு குடுங்க. வீட்டுல போன வாரம் ஒரே ராத்திரியில ஒரு பாப்பாவக் காலி பண்ணிட்டோம்!"

கடையே சிரித்தது. மூக்கரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் மனைவியைப் பார்த்தார். அவள் வெள்ளை ஒயினின் கார்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வந்து கண்ணாடிக் கூட்டைக் கல்லாவில் வைத்தாள். "மறந்துட்டு வந்துட்டீங்க" என்றாள். போய்விட்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டில் வெடிக்கும் என்று பயந்துகொண்டே போனார். ஒன்றும் வெடிக்கவில்லை. அவள் சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், படுத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் அவர் தயங்கித் தயங்கி ஒரு புதுச் சிவப்பு ஒயினைத் திறந்தபோதுகூட வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். கிளாஸை எடுத்து முகர்ந்தாள். அவர் கண்கொத்திப் பாம்பாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"நல்லா இருக்கு. காட்டுல பழுக்குற கறுப்புப் பழம். வெயில்ல காய வச்ச துணி. இதுவரைக்கும் கொண்டாந்ததுலயே இதுதான் ஒசத்தி. நிறைய வாங்கிப் போடச் சொல்லுங்க."

மூக்கருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார். அப்படி நினைத்தது அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று யோசித்திருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பார்.

மறுநாள் கடையில் அந்த ஒயினைச் சப்ளை செய்யும் ஏஜென்ட் வந்திருந்தார். மூக்கர் மீதி சாம்பிளோடு வந்து, காட்டுப் பழம், வெயிலில் காய்ந்த துணி, உசத்தியான சரக்கு, நூறு பெட்டி எடுக்கலாம் என்று அடித்துப் பேசினார். முதலாளியம்மாவுக்கு வாயெல்லாம் பல். "அப்ப மூணு பேரும் ஒரு வாய் குடிச்சுட்டே ஆர்டர் போட்டுடுவோம்" என்று அந்தச் சாம்பிள் பாட்டிலிலிருந்தே மூன்று கிளாஸில் ஊற்றினார்.

ஏஜென்ட் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். முதலாளியம்மா முகர்ந்தார். அவர் புருவம் சுருங்கியது. மூக்கர் இது எதையும் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, கிளாஸைச் சுற்றி, ஆழமாக மூச்சிழுத்து, ஒரு வாய் குடித்துச் சப்புக்கொட்டினார்.

"ஆஹா. பாருங்க மேடம், பழம் எப்படித் தூக்கிக் குடுக்குது!"

கண்ணைத் திறந்தபோது இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், இது கார்க் கெட்ட பாட்டில்" என்றார் ஏஜென்ட் மெதுவாக. "அட்டைப்பெட்டி வாடை குடலப் பொரட்டுது. வேற பாட்டில் தர்றேன். ஆனா சார் எப்படி இத..."

முதலாளியம்மா கல்லாவுக்குக் கீழே குனிந்து தரை துடைக்கும் மருந்தை எடுத்தார். மூடியைத் திறந்து கொஞ்சம் ஒரு கிளாஸில் ஊற்றினார்.

"கண்ண மூடுங்க. குடிக்காதீங்க, மோந்து மட்டும் பாருங்க. இது என்ன?"

மூக்கர் கண்ணை மூடினார். மூக்கருகே கிளாஸின் குளிர்ச்சி மட்டும் பட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல் வாய் பழக்கத்தில், "வெள்ளை. இளசு. கொஞ்சம் எலுமிச்சை" என்றது.

ஏஜென்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆளுக்குக்கூட அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எப்பயிருந்து?" என்றார் முதலாளியம்மா.

"குளிர்காலத்துல வந்த காய்ச்சல்லயிருந்து மேடம்."

"அப்ப இந்தக் கார்டெல்லாம்?"

"என் வீட்டுக்காரி சொன்னது."

முதலாளியம்மா நல்லவர். ஆனால் வியாபாரி. வெகுநேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவங்கள வரச் சொல்லுங்க. நாளையிலிருந்தே வேலைக்கு எடுத்துக்கிறேன். அவங்க வந்தா நீங்களும் கல்லாவுல இருங்க. அவங்க வரலேன்னா, மன்னிச்சுடுங்க, மூக்கில்லாதவர ஒயின் கடையில வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

வழியெல்லாம் மூக்கர் அதையே உருப்போட்டுக்கொண்டு வந்தார். பிழைப்பில் மண் விழுந்த அதே கையோடு ஒரு வழியும் பிறந்திருக்கிறது. அவளுக்கு நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்க வேண்டாம். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாம். சமையலறையில் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தரை மருந்தைக்கூடச் சொன்னார். கடைசியில் வேலையைச் சொன்னார்.

"நேத்து அந்த வாடை உனக்குப் பிடிபடல போல. பரவாயில்ல, புதுசுல எல்லாருக்கும் தப்புறதுதான். முதலாளியம்மா அத ஒண்ணும் பெருசா எடுத்துக்கல" என்றார்.

"தப்பல" என்றாள் அவள். "மூடியத் திறந்ததுமே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுமா நல்லா இருக்குன்னு சொன்ன?" என்றார் அவர்.

"தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னு சொன்னேன். நீங்க மாட்டணும்னுதான் சொன்னேன்." அவள் குரல் உயரவே இல்லை. துடைத்த பாத்திரத்தை அடுக்கினாள். "அந்த வேலைக்கு நான் வரல. போய்ச் சொல்லிடுங்க."

"வேலை போயிடும். நமக்கு வேற வழி..."

"போகட்டும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கோபம் வர மறுத்தது. கார்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றார். இப்போதே போய்க் கிழிக்கிறேன் என்றார்.

"கிழிச்சா? அத்தனை பேரும் குடிச்சாச்சு. பேர் வச்சுக் கூப்பிட்டாச்சு, சிரிச்சாச்சு." துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அவள் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "அவ தலை வாசனை மட்டும்தாங்க எனக்கு மறக்காம இருந்துச்சு. மொகம்கூட போட்டோவப் பாத்தாத்தான் ஞாபகம் வருது. வாசனை அப்படியே இருந்துச்சு. இப்ப அத நினைச்சா உங்க கடை வருது. அந்தப் பல் டாக்டர் மொகம் வருது."

மூக்கர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே யாரோ மாடிப்படி ஏறிப் போனார்கள். பாப்பாவை அவரும்தான் தூக்கியிருக்கிறார், தோளில் போட்டுத் தூங்க வைத்திருக்கிறார், உச்சந்தலையில் முகம் புதைத்திருக்கிறார். ஊரில் உள்ள ஒயினையெல்லாம் பெயர் சொல்லி அடையாளம் காட்டியவருக்கு அந்த ஒரு வாசனை எப்படியிருந்தது என்று எவ்வளவு தேடியும் வரவில்லை. காய்ச்சலுக்கு முன்பே அது போய்விட்டிருந்தது, எப்போது போனது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஞாபகமே இல்ல" என்றார். "பால் வாசனைன்னு சொன்ன. அப்புறம்? வேற எப்படி இருந்துச்சு? ஒரே ஒரு தடவை சொல்லேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்காகச் சொல்லு."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரக்கம் வந்ததா என்றால், வந்தது. அவள் உதடுகூட ஒருமுறை அசைந்தது.

"சொல்ல மாட்டேங்க" என்றாள். "மிச்சமாவது என்கிட்டயே இருக்கட்டும்."